ராத்திரி முழுக்க பிளக் இருக்கட்டும்

திருப்பதி
சனிக்கிழமை

அன்பு மகள் மங்கைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நைனாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுத வேண்டும், ஆனால் நீ அப்படி இல்லை என்று முந்தாநாளே தெரிந்துவிட்டது, அதனால் அந்த வரிக்குக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், சாப்பிட்டியாம்மா என்பாய், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அங்கே வெளிநாட்டில் உன்னோடு தங்கியிருக்கும் சபீனாதான் போன் பண்ணினாள். பத்து நாளாகக் கேமரா சரியில்லை என்று நீ வெறும் குரலில் பேசிக்கொண்டிருந்தாயே, அது ஏன் என்று அவள் வாயால் கேட்டேன். இடது கையில் இரண்டு விரல் நுனி குளிரில் செத்துக் கறுத்துப்போயிருக்கிறது, விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் தொட்டால் தெரிகிற உணர்வு முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வயசானவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிற வேலை உன்னுடையது, தண்ணீர் சுடுகிறதா என்று பார்க்கிற விரல் அது. சபீனா அழவில்லை, திட்டினாள். ஆன்ட்டி, மைனஸ் முப்பதுல தெனம் படுக்கறதுக்கு முன்னாடி இவ கீழ எறங்கிப்போயி கார் பிளக்கைப் புடுங்கிட்டு வரா, இவளுக்குத்தான் பைத்தியம்னு நெனச்சேன், அப்பறம்தான் தெரிஞ்சுது பைத்தியம் திருப்பதியில கீதுன்னு, என்றாள். அவளும் நம் சித்தூர்க்காரி, பேசச் சொல்லித் தர வேண்டுமா.

உன் காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், பாதி கரண்ட், பாதி பெட்ரோல், ஒன்று கைவிட்டால் இன்னொன்று இழுக்கும். சபீனா சொல்லித்தான் மீதி புரிந்தது. குளிர் அவ்வளவு கீழே இறங்கினால் அந்தப் பெரிய பேட்டரி உறைந்துபோய், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் வண்டி எழுந்திருக்காதாம், பிளக்கில் மாட்டியே வைத்திருந்தால் பேட்டரி தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளுமாம், அந்த ஊரில் எல்லாரும் ராத்திரி முழுக்க அப்படித்தான் விடுவார்களாம். நீ மட்டும் பிடுங்கினாய். விடியுமுன் வேலைக்குக் கிளம்பி, வண்டி எழாமல், கையுறையைக் கழற்றிப் போட்டு கேபிளை மாட்டி, போனை அழுத்தி யார் யாரையோ கூப்பிட்டு, கடைசியில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருக்கிறாய். உனக்கு இதெல்லாம் முதலிலேயே தெரியும். கார் வாங்கும்போதே புத்தகத்தில் படித்திருக்கிறாய். தெரிந்தும் பிடுங்கினாய், ஏனென்றால் போன மே மாதம் நீ லீவில் வந்திருந்தபோது காணிப்பாக்கத்தில் வைத்து உன்னிடம் நான் சத்தியம் வாங்கினேன்.

வேறு எந்தக் கோயிலாக இருந்தாலும் நீ சிரித்துவிட்டுப் போயிருப்பாய். குடிகாரன் குடியை விடுவதற்கும், திருடவில்லை என்று சொல்கிறவன் நிரூபிப்பதற்கும் சித்தூர் ஜில்லாவே போய் நிற்கிற பிள்ளையார் முன்னால் குளத்தில் முழுக வைத்து, ஈரப் புடவையோடு என் தலையில் உன் கையை வைத்துச் சொல்ல வைத்தேன், கண் மூடும்போது வண்டியில் பிளக் இருக்காது என்று. அதோடு விட்டேனா. தினமும் உனக்குப் படுக்கிற நேரம், எனக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம், போன் பண்ணி முதல் வார்த்தையாகப் புடுங்கிட்டியா என்று கேட்டேன். குளிருதும்மா என்று ஒரு நாள் சொன்னாய். ஸ்வெட்டர் போட்டுக்கினு போ என்றேன்.

கீழ் வீட்டுக் கன்னையா செத்த வாரம் அது. நம் மாடிப்படிக்குக் கீழே, சாப்பாடு டெலிவரி முடித்து வந்து மத்தியானம் எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டு பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தவன், பேட்டரி வெடித்துத் தீயில் போனான். நீயும் பார்த்தாய், அந்தச் சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பிளக்கில் இருந்ததால் செத்தான் என்று நான் முடிவு கட்டினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வாசலில் ஒரு சார்ஜ் பாயிண்ட் போட்டுத் தரச் சொல்லி, வாடகை வாங்குகிற வீட்டுக்காரரை எத்தனை தடவை கேட்டான், ஆகட்டும் ஆகட்டும் என்றே ஓட்டினார், அவன் ஜன்னல் வழியாகச் சன்ன ஒயரை இழுத்தான். பேட்டரி சூடாகிறது என்று ஷோரூமுக்கு இரண்டு தடவை போனான், வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் போ என்று அனுப்பினார்கள். செத்த பிறகு அவனே சார்ஜரை மாற்றிவிட்டான் என்று எழுதிக்கொண்டு கதவை மூடினார்கள். அவன் பெண்டாட்டி தாட்சாயணி, அக்கா ஸ்டேஷனுக்குக் கூட வாங்க, நானு தனியா போனா ஒக்கார வெச்சி அனுப்பிடறாங்க, என்று என்னிடம் வந்தாள். வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு என்று நான் போகவில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன், அந்தப் பயத்தை எல்லாம் கொண்டுபோய் என் பேச்சை மீறாத ஒரே ஆள் தலையில் கட்டினேன். உன் விரல் குளிரில் மட்டும் கறுக்கவில்லை மங்கை.

நைனாவிடம் சொன்னதும் அவர் சவாரிக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். இருவது வருசமா வண்டி ஓட்டிக்கினு கீற நானே அந்த ஊர் குளிருக்கு வாய் தெறக்கல, ஏசி பஸ்ஸுல ரெண்டு போர்வை கேக்கறவ நீ சட்டம் போட்டுக்கினு இருந்தியா, என்றார். ஆனால் அவரும் சும்மா இல்லை, சார்ஜ் போடுகிற மூடி பனியில் ஒட்டிக்கொண்டால் சுடுதண்ணி ஊத்தச் சொல்லு என்றார், அதைச் சபீனாவிடம் சொன்னதற்கு அவள் போனிலேயே கத்தினாள், அங்கிள், ஊத்தின தண்ணி அங்கியே ஐஸாயிடும், ரெண்டு பேரும் தயவுசெஞ்சு எதையும் சொல்லாதீங்க, என்று.

நேற்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் காணிப்பாக்கம் போனேன். வாசலில் பூ விற்கிற மனோரமாவிடம், வாங்கின சத்தியத்தைத் திருப்பித் தர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். சிரித்தாள். குடிகாரனுங்கதாம்மா இத்த கேப்பானுங்க, இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கினு விட்டுடறேன், அதுவரைக்கும் வாபஸ் குடுன்னு, என்றாள். நானும் குளத்தில் முழுகினேன், இந்தத் தடவை என் கையை என் தலையிலேயே வைத்தேன். சத்தியம் பண்ணினவள் சின்னப் பெண், பண்ண வைத்தவள் நான், கணக்கு கேட்பதானால் என்னைக் கேள் என்று பிள்ளையாரிடம் சொன்னேன். அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நீ பயப்படுவது அவருக்கு அல்ல, என் தலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. என் தலைக்கு என்ன வந்தாலும் அது என் சர்க்கரை, என் பிரஷர், என் வயசு. உன் பிளக் இல்லை. நாளை மறுநாள் தாட்சாயணியோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் பண்ணுவோம்.

சபீனா சொல்வதைக் கேள். கிளம்புமுன் பிளக்கில் இருக்கும்போதே வண்டியின் உள்ளே சூடேற்றிக்கொள். பேட்டரி நிறைந்திருந்தும் ஹீட்டருக்காக இன்ஜின் ஓடினால் கெட்டுப்போச்சு என்று பதறாதே, குளிரில் அது அப்படித்தானாம். டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதே. கம்பளி, கையுறை இன்னொரு ஜோடி, வண்டியிலேயே கிடக்கட்டும். விரலில் போட்டிருக்கும் கட்டை நனைக்காதே, மருந்து முடிந்தபின்னும் டாக்டரிடம் போ, போகாமலே போனேன் என்று சொல்லாதே.

உன் கை நன்றாகி, உணர்வு திரும்பி, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் கீழே போய் பிளக்கைப் போட்டு, போட்டதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேண்டாம், அனுப்ப வேண்டாம். போட்டுவிட்டுத் தூங்கு.

உன் அம்மா,
தேவசேனா