பெர்த்துக்குப் பதினெட்டு நாள்

ஆகஸ்ட் 6, இரவு

நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய மகள் மாலா பெர்த் போய்ச் சேர்ந்துவிட்டாள். சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருந்ததையும் சேர்த்துப் பதிமூன்று மணி நேரமாம்.

அவள் போன் வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் தன் மீன்பிடி போட்டிலிருந்து ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்து, காசிமேட்டிலிருந்து பெர்த்துக்குக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல வெறும் தண்ணிதான்மே. நம்ம போட்டு ஸ்பீடுக்கு நேரா வுட்டா பதினெட்டு நாளு. இன்னாத்துக்கு சிங்கப்பூரு சுத்திகினு போவணும்?"

"டீசல் யாரு ஊத்துவா?" என்றேன்.

கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எப்போது வருவாய் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டோம். கேட்டுவிட்டால் இவர் அன்றைக்குப் போட்டே எடுக்கமாட்டார். நேற்று ஏர்போர்ட்டில் எனக்கு அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்று மாலாவின் குரல் கேட்டதும் போனை என் கையிலிருந்து பிடுங்கினார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்ப வருவே?"

"இன்னா நைனா, இப்பதானே வந்து எறங்குனேன்!" என்று சிரித்தாள்.

"கரை சேந்துட்டே இல்ல? இனிமே கேக்கலாம்."