இரண்டு முறை தேய்த்த கார்டு

14 ஜூன் 2009, ஞாயிறு. சிதம்பரம்.

புவனகிரியிலிருந்து மாமா கோபமாக வந்தார், மகள் நித்யாவோடு. அவளுக்குக் கடலூரில் சைக்கிள் வாங்கியபோது, லைன் கிடைக்கவில்லை என்று கடையில் கிரெடிட் கார்டை மறுபடியும் தேய்த்தார்களாம். இப்போது பேங்கிலிருந்து வந்த கார்டு பில்லில் அதே சைக்கிள் இரண்டு முறை ஏறியிருக்கிறது.

"கடைக்காரன் சட்டையப் புடிச்சாதான் சரிப்படும்" என்றார்.

பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான்தான் படித்தேன். "மாமா, பேங்குக்கு எழுதுனா, கையெழுத்துப் போட்ட சீட்டக் காட்டுன்னு அவுங்களே கடைக்காரர கேப்பாங்க. நீங்க ஒரு சீட்டுலதான கையெழுத்துப் போட்டீங்க? ரெண்டாவது சீட்ட அவரால காட்ட முடியாது."

மாமா முகம் தெளிந்தது. உடனே, "நித்யா, நீதான இங்கிலீஷ் மீடியம், எழுதுடி" என்றார். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவள் கையெழுத்து அழகுதான். ஆனால் விஷயம் முழுக்க என்னுடையது.

"பாத்தியாக்கா, எம் பொண்ணு வக்கீலு!" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் தண்ணீர் கேட்டார்.

மாமாவுக்குப் பணம் திரும்பி வரட்டும். அதற்கு முன் பேங்க் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். நித்யாவுக்குப் பதில் தெரியாமல் இருக்கட்டும்.