பசை மேசையும் பூக்குழியும்

கிள்ளான், 19-7-1936, ஞாயிறு

கரகம் இந்த வருஷம் வாசுவுக்காம். நாலு வருஷமாகத் தீமிதியில் முதலில் குழி இறங்கியவன் நான். போன வருஷம் கால் சுட்டுக் கொப்பளித்துவிட்டது, ஓடினேன். விரதத்தில் குறை என்று ஊரே பேசியது. சுட்டால் ஓடமாட்டானா மனுஷன்? சப்பாத்துக் கம்பெனியில் நான் பூட்சுக்குத் துணி வெட்டுகிறேன், நேற்று வந்த பயல் பசை அறையில் ரப்பர்ப் பசை பூசி அடி ஒட்டுகிறான் — மூன்று வருஷம் ஆகிறது, இருக்கட்டும் — அவனுக்குக் கரகமா? கம்பெனியில் எங்களை வேலை வாங்கும் கன்னையா மண்டோர்தான் கோயில் தலைவரும். வேறென்ன சொல்ல.

2-8-1936

நடந்தான். ஓடவில்லை, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தான். நடுக்குழியில் நின்று கரகத்தைச் சரிசெய்துகொண்டான்! சனம் விழுந்து கும்பிட்டது. என் பெண்டாட்டி புஷ்பவல்லி அவன் காலை மஞ்சள் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் காலுக்கு ஒரு நாள் செய்ததுண்டா? வயிறு எரிகிறது. எழுதினால் தணியும் என்று பார்த்தேன். எங்கே!

3-8-1936

"எப்படிடா சுடல?" என்று கேட்டேன். "தெரியலண்ணே. மெத்தையில நடந்த மாதிரி இருந்துச்சு." பெருமையைப் பார்!

20-9-1936

வாசு வேலைக்கு வருவதில்லை. கால் புண் ஆறவில்லையாம்.

11-10-1936

ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சந்தோஷப்படத்தான் போனேன், உள்ளதை எழுதுகிறேன். டிரஸ்ஸர் அவன் காலில் ஊசியால் குத்துகிறார். வாசுவோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், குத்தியதே தெரியவில்லை. சட்டைப் பொத்தான் போடவும் விரல் வரவில்லை. "பசை அறையில கித்தாப் பசையோட கலக்குற எண்ணெய் வாடைதான். நரம்பத் தின்னுடுச்சு," என்றார் டிரஸ்ஸர்.

அப்படியானால் அருளுமில்லை, ஒன்றுமில்லை! வீட்டில் சொன்னேன். "வயித்தெரிச்சல்ல பேசாதீங்க. சாமி காரியம்," என்றாள் புஷ்பவல்லி.

12-10-1936

கன்னையா மண்டோர் கூப்பிட்டார். "வாசு இடம் காலியா கெடக்கு. பசை அறைக்குப் போறியா?"

டிரஸ்ஸர் சொன்னது காதிலேயே இருக்கிறது. புஷ்பவல்லி கண்ணில் ஒற்றிக்கொண்டதும் கண்ணிலேயே இருக்கிறது. போகிறேன் என்றேன்.

5-5-1937

வலது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

1-8-1937

கரகம் எனக்கு. மெதுவாகத்தான் நடந்தேன். சனம் விழுந்து கும்பிட்டது. கூட்டத்து ஓரத்தில் வாசு, கம்பு ஊன்றிக்கொண்டு. அவன் மட்டும் கும்பிடவில்லை. "ஓடுங்கண்ணே! ஐயோ, ஓடுங்க!" என்று கத்தினான். பொறாமை என்றார்கள் பக்கத்தில்.

பிறகு கன்னையாவோடு பேசிக்கொண்டு நின்றேன். புஷ்பவல்லி என் காலைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். யாரோ சொல்லித்தான் குனிந்து பார்த்தேன்.