உப்பில்லாத தவக்காலம்

என் ஆசை அப்பா,

கல்லறைக்கு வந்து சொல்ல வேண்டியதை, விழுப்புரத்து ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பயமாக இருக்கிறதப்பா.

உள்ளே அம்மா படுத்திருக்கிறாள். நேற்றுக் காலை திண்டிவனம் வீட்டில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, "உங்கப்பாரு வாசல்ல நின்னுகினு இருக்காரு, உள்ள கூப்டுடி" என்றாள். வாசலில் யாருமில்லை. கூட்டிப்போக வந்துவிட்டீர்களோ?

"ரத்தத்துல சோடியம் ரொம்ப எறங்கிடுச்சி. உப்பே சாப்பிடலியா?" என்று கேட்டார் டாக்டரம்மா. தம்பி அருள் தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் போனபின் வந்த முதல் தவக்காலம் இது. உங்கள் ஆன்மாவுக்காக விரதமாக ஒப்புக்கொடுத்து, அதன் முதல் நாளான சாம்பல் புதனிலிருந்து அம்மா உப்பைத் தொடவில்லையாம். "யார்கிட்டயும் சொல்லாதன்னுச்சிக்கா." சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும் பிரஷர் மாத்திரையை மட்டும் விடவில்லை. பசித்தால் சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோலு இருக்கும்மா. அது வழியா தண்ணி போகும், வரும். உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தண்ணி போயிடும். ரத்தத்துல உப்பு கொறைஞ்சதும், தண்ணி மூளை செல்லுக்குள்ள பூந்து வீங்கிடுச்சி. மண்டைக்குள்ள வீங்க எடம் ஏது?"

"அப்ப ஜல்தியா உப்பு ஏத்துங்க!" என்றான் அருள்.

"ஐயோ, அவசரப்பட்டா தண்ணி ஒரேடியா வெளிய வந்துடும். மூளை தாங்காது. பேச்சு, கை கால் எல்லாம் போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

கேட்பானா உங்கள் பிள்ளை? உப்புக் கரைத்த பாட்டிலோடு உள்ளே நுழையப் பார்த்தான். பிடுங்கிக் கொட்டிவிட்டேன். "அம்மாவுக்கு எதனா ஆச்சின்னா நீதான்கா பொறுப்பு!" என்று வராந்தாவே அதிரக் கத்தினான். நான் செய்தது சரிதானா அப்பா? வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அம்மா கதவைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம், "கூப்பிடாதீங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சற்றுமுன் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கதவைப் பார்த்தாள். நீங்கள் இல்லை. "உங்கப்பாரு செத்துட்டாரு இல்ல?" என்று கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். நினைவு தெளிகிறது, ஆனாலும் ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்கிறார் டாக்டரம்மா. அம்மாவுக்கு நீங்கள் இரண்டாம் தடவை செத்துப்போனீர்கள். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உயிர் வந்ததே, நானெல்லாம் ஒரு மகளா?

இனி உங்களுக்கான ஒறுத்தல், விரதம் எல்லாம் என்னுடையது. அம்மாவின் சோற்றில் டாக்டரம்மா சொல்லும் அளவு உப்பை என் கையாலேயே போடுவேன். நீங்கள் மோட்சத்தில் நன்றாக இருங்கள். அம்மாவை மட்டும் இப்போது கேட்காதீர்கள். தரமாட்டேன்.

உங்களோடு சண்டை போட்டாவது அம்மாவை வைத்துக்கொள்ளப்போகும்
உங்கள் மூத்த மகள்,
ஸ்டெல்லா