சிவப்பில் எடுத்த படம்

ஞாயிறு, மாசி, 1908.
காலையில் நல்ல பனி. வெயில் ஏறத் தாமதம்.
தங்கை பொன்னம்மாளும் மாப்பிள்ளை கன்னியப்பனும் வந்தார்கள். கலர் படம் எடுக்க. சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன காமிரா. கூடவே சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு படம். மூன்றுக்கும் சாயமேற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நிறம். மூன்றும் எடுத்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது.
மாப்பிள்ளையிடமா சொல்வது! சிவப்புக்குச் சிரித்தபடி ஒழுங்காக இருந்தார். பச்சைக்கு இருமல். நீலத்துக்குச் சுரங்கத்துச் சங்கு ஊதியது, திரும்பிவிட்டார்.
"சங்கு ஊதுனா களுத்து தானா திரும்புது மச்சான். நான் இன்னா பண்றது?"
அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்கலாம் என்றேன்.
மதியம் கருவாட்டுக் குழம்பு. உப்பு ஜாஸ்தி.

செவ்வாய்.
வெயில். மூன்றையும் காகிதத்தில் கறுப்பு வெள்ளையாக அச்செடுத்தேன். பச்சையிலும் நீலத்திலும் மாப்பிள்ளை முகம் வெறும் புகை. சிவப்பில் மட்டும் தெளிவு. ஆனால் அதில் தங்கைக்குப் பொட்டு இல்லை.
அம்மா பார்த்துவிட்டாள்.
"அடப்பாவி, இன்னாடா இது? எம்பொண்ணு பொட்டு எங்கடா?"
சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்தால் குங்குமம் வெளுத்துவிடும், மற்ற இரண்டிலும் இருக்கிறது பார் என்றேன். கேட்டால்தானே.
"கிளிச்சிப் போடுடா அத்த."
கிழிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் போட்டேன். ஆபீசுக்கு நேரமாயிற்று.

வியாழன்.
மாப்பிள்ளை போய்விட்டார். சுரங்கத்தில் காலை ஷிப்டில் பாறை சரிவு. ஆள் இறக்கும் கேஜ் கூண்டில் மேலே கொண்டுவந்தார்கள். தலையோடு துணி சுற்றியிருந்தது. தங்கை கதறியும் முகத்தைத் திறக்கவில்லை. திறக்கிற மாதிரி இல்லை.
அம்மா என்னைப் பார்த்து: "ஒம் படப் பொட்டிதாண்டா அவர முளுங்கிடுச்சி."
அழுகை வரவில்லை. கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

காரியத்துக்கு மறுநாள்.
மூட்டம். தங்கை எங்கள் வீட்டில். வெள்ளைப் புடவை. அவள் நெற்றிப் பக்கம் என் கண் போவதில்லை.
"அண்ணா, அவரு மூஞ்சி தெரியற படம் எதுனா கீதா?"
இல்லையென்று சொல்ல அம்மா கண் காட்டினாள். பெட்டியைத் திறந்து சிவப்பை எடுத்தேன். கொடுக்கப் பயம். மையால் பொட்டு வைத்துத் தருகிறேன் என்றேன்.
வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"வேணாம்ணா. இப்ப நான் இப்டிதானே கீறேன். இப்டி கீறப்போ அவரு பக்கத்துல குந்தி சிரிக்கிறது இதுல மட்டுந்தான்."