ரெண்டு மாரிசாமியை ஒன்றாக்கினவனுக்கு

ஏலே சிவபாண்டி,

சோறு அடுப்படியில் மூடி இருக்கிறது. தின்பதற்கு முன் இதைப் படி.

நேற்று என் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, "ஒரே பேரு ரெண்டு தடவ இருந்துச்சுப்பா, சேத்து ஒண்ணாக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாயே. தேங்காய் பறிக்கிற மாரிசாமியையும், உன் தங்கை அனுசியாவுக்கு மாமனாராக வரப்போகிற ஸ்ரீவில்லிபுத்தூர் மாரிசாமியையும் ஒரே ஆளாக்கிவிட்டாய். போன் பட்டியலில் மேலே இருப்பவர் மரம், கீழே இருப்பவர் சம்பந்தம். நான் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தேன்.

காலையில் மாரிசாமி என்ற பேரை அழுத்தினேன். "ஏலே, வெயிலுக்கு முன்ன வந்து மரத்துல ஏறு. போன தடவ மாதிரி குடிச்சிட்டு வராத" என்றேன். "வாரேன்" என்றது சம்பந்தியின் குரல். அந்தக் குரலின் குளிரில் என் காதில் பனிக்கட்டி உறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அது நின்றால் உன் கம்ப்யூட்டர் கிணற்றுக்குள் போகும், பின்னாலேயே நீயும் போவாய். போனை மேசையில் வைத்திருக்கிறேன். வந்ததும் ரெண்டு பேரையும் பிரித்து வை. வீட்டுச் சாவி ஆணியில் தொங்கும். நான் பஸ் பிடித்துப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

பி.கு: போக முடியவில்லை. சம்பந்தி வாசலில் நிற்கிறார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, "எந்த மரம்?" என்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் ஏறுவதற்குள் நான் ஏறிவிடப் போகிறேன். எனக்கு ஏறத்தான் தெரியும். இறக்கிவிட மாரிசாமியைக் கூப்பிடு.

எந்த மாரிசாமி என்று பார்த்துக் கூப்பிடு.