தைராய்டும் நம் வீட்டு மரியாதையும்

எத்தனை தறி ஓடினாலும் என் குரலைக் கண்டுபிடித்துத் திரும்பிப் பார்க்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நம் தறிக் குடோன் ஓடுகிறது, பழைய தறிகளை இன்னும் விற்கவில்லை. சூலூரில் பஸ் கூடியிருக்கிறது, தண்ணீர்தான் கூடவில்லை. அம்மா எங்களோடு இருக்கிறார். இதெல்லாம் உங்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் இருந்தது, அப்பா.

பயப்படாதீர்கள், உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எனக்கு அது சுரக்க வேண்டிய அளவு சுரக்காமல் சோம்பிக் கிடக்கிறது. அதுவும் முழுச் சோம்பல் இல்லை, அரைச் சோம்பல். அந்த அரையைக் கண்டுபிடிப்பதற்குள்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எனக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் ஒரு காரணம் தயாராக இருந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, போர்த் தண்ணி உப்பு என்றார்கள். குரல் கரகரத்துப் போனது, தறிச் சத்தத்தில் கத்துகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். முகம் உப்பியதைப் பார்த்து, மாப்பிள்ளை நன்றாக வைத்திருக்கிறார் போல என்று ஒரு கல்யாண வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிர்ந்தது. அதற்குத்தான் யாரிடமும் காரணம் இல்லை, அதனால் நான் அதை வெளியே சொல்லவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிட்டேன். முந்தானை மோட்டார் பெல்ட்டில் சிக்கப் பார்த்தது. தறி ஓட்டுகிற பெண் ஒருத்தி சட்டென்று என்னைப் பின்னால் இழுத்துவிட்டாள். அன்றைக்கே உங்கள் மாப்பிள்ளை, உடம்பு சரியாகும் வரை குடோனுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அக்கறையில்தான் சொன்னார். எனக்குத்தான் பகீரென்றது. நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த குடோன் அது. வீட்டில் படுத்துக்கொண்டு அதன் சத்தத்தை மட்டும் கேட்டுக் கிடக்க என்னால் ஆகாது. எப்படியாவது திரும்ப உள்ளே போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

உள்ளூர் டாக்டரிடம் போனோம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "நல்லாருக்கறனுங்க. சும்மா கொஞ்சம் அசதிதானுங்க." அவர் ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் மகள் வேறு என்ன சொல்வாள்? கன்றுக்குட்டியைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்று கேட்டுக்கொள்கிற ஆள் நீங்கள். உங்களுக்கு நெஞ்சு வலி வந்து அம்மா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனபோதும் அப்படித்தான். ஒன்றுமில்லை, வாய்வுதான் என்று நீங்களே டாக்டருக்குச் சமாதானம் சொன்னீர்கள். அவர் பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தீர்கள். நாலு இளநீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். பெரிய மனிதர் நேரத்தை வீணாக்கலாமா என்று அம்மாவையே கடிந்துகொண்டீர்களாம். அடுத்த வாரம் போய்விட்டீர்கள். அந்த மரியாதையின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உங்கள் மேல் இல்லை, அப்பா. கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

டானிக் பாட்டில் தீர்ந்தது, அசதி தீரவில்லை. கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தோம். அவரிடமும் அசதி என்று மட்டும்தான் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு கொஞ்சம் மந்தம், ஆனால் பார்டரில்தான் இருக்கிறது என்றார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். உங்கள் மாப்பிள்ளை ரொம்ப சந்தோசமுங்க என்று எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். கதவு வரை போய்விட்டேன்.

அங்கே உங்கள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீங்களும் கதவு வரை போய்த்தானே இருப்பீர்கள்? ஒரு தடவை திரும்பி வந்திருந்தால்?

நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் நல்லா இல்லீங்க, டாக்டர்."

சொல்லி முடித்ததும் யாரையோ வாய்க்கு வந்தபடி வைதுவிட்டது போல இருந்தது. அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. முடி, குரல், குளிர், நின்றபடி தூங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். மலச்சிக்கலைப் பற்றிச் சொன்னபோது மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொன்னார். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். எனக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பே தன் தைராய்டை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதா என்று பார்ப்பதாம். ஆமாம் என்று வந்தது. பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது மந்தமும் கொஞ்சம் கூடியிருந்தது. அப்போதுதான் மாத்திரை ஆரம்பித்தார். அவர் எதையும் மழுப்பவில்லை. எல்லா அசதிக்கும் இதுதான் காரணமா என்று இப்போதே சொல்ல முடியாது, சின்ன அளவில் கொடுத்துப் பார்ப்போம், ரத்தத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்போம், ஆயுள் முழுக்கவும் தேவைப்படலாம் என்றார். தேவைப்படட்டும். சாப்பிட்டுக்கொண்டால் போகிறது.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும், காப்பி அதற்கப்புறம்தான். நம் வீட்டில் காப்பியைக் காக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? அம்மா முதல் வாரம் முழுக்க முறைத்தார். ஆயுசுக்கும் மாத்திரையா என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். ஆமாங்க, ஆயுசுக்குந்தான் என்று சொல்லிவிடுகிறேன். முடி இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. ஆனால் குளிர் குறைந்திருக்கிறது, மத்தியானம் கண் விழித்து நிற்க முடிகிறது. போன மாதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடோனுக்குள் போனேன். மாப்பிள்ளை ஒதுங்கி வழி விட்டார்.

நேற்றுக் காலை நான் மாத்திரை போடுவதைப் பார்த்தபடி அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"எனக்கும் படியேறுனா மூச்சு வாங்குது கண்ணு. ரொம்ப நாளாவே வாங்குது. சொல்லாம இருந்துபோட்டேன்."

நான் அழுதுவிட்டேன். பயத்தில்தான் அழுதேன், கூடவே சந்தோஷமும் இருந்தது. நம் வீட்டில் ஒருவர் தனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லையே, அப்பா.

வருகிற திங்கட்கிழமை அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போகிறேன். உள்ளே நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அம்மா மென்று விழுங்கினால் மிச்சத்தை நான் சொல்லுவேன். காரணம் தெரியும் வரை எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அங்கே உங்களுக்குத் துணையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவை இப்போதைக்கு உங்களிடம் அனுப்புவதாக இல்லை. நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமுங்க.

உங்கள் பேச்சை இந்த ஒன்றில் மட்டும் கேட்காத மகள்,
சரசு